போன எல்.இ.டி. பல்பைக் குப்பையில் போடுமுன்
நூறு ரூபாய்க்கு இரண்டு பல்பு கிடைக்கிறதே, ரிப்பேர் எதற்கு என்றுதான் தூக்கிப் போடுகிறோம். (உத்தரவாத பில்லையும் வாங்கிய அன்றே!) பில் இருந்தால் பிரிக்காமல் கடையில் மாற்றுங்கள்.

9 வாட் பல்பு அணைந்தால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் பல சின்ன எல்.இ.டி.களில் ஒன்றுதான் போயிருக்கும். எல்லாம் தொடர் இணைப்பு. ஒன்று போனால் மொத்தமும் இருட்டு. மலிவு பல்பில் சூட்டைக் கடத்தும் அலுமினியத் தட்டு மெல்லிசு, ஓடும் கரண்ட் அதிகம். சூடுதான் எமன்.

ஹோல்டரிலிருந்து கழற்றிச் சில நிமிடம் விடுங்கள். கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மூடியை நெம்பினால், கரும்புள்ளி விழுந்த எல்.இ.டி. தெரியும். அதே வோல்ட்டேஜில் புதியது வையுங்கள். போன எல்.இ.டி.யின் இரு முனைகளையும் ஈயம் வைத்து இணைத்து ஷார்ட் செய்தாலும் எரியும்தான். ஆனால் சுமை மற்ற பாகங்கள்மேல் ஏறும். திறந்த நிலையில் எரியவிட்டுத் தொடவே கூடாது.