சிவப்பு மையில் இரண்டு சொற்கள்

பல்கலைக்கழக முதலாம் ஆண்டில் நான் எழுதிக் கொடுத்த தமிழ் ஒப்படை திரும்பி வந்தபோது, மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் இரண்டு சொற்கள் மட்டும் எழுதப்பட்டிருந்தன: ‘யார் சொன்னது?’ எங்கள் ஊரான தம்பிலுவிலின் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கின் முடிவில், அம்மனைக் குளிரவைக்கப் பாடி நடத்தும் குளிர்த்தியைப் பற்றி அதில் எழுதியிருந்தேன். மதுரையை எரித்த அம்மனின் கோபம் தணியவே குளிர்த்தி பாடப்படுகிறது என்பது, நினைவு தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த செய்தி. அதற்கு ஆதாரம் கேட்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று எழுதினால் அதற்கும் அடிக்குறிப்புக் கேட்பாரோ என்று அன்றிரவு விடுதி அறையில் கூடியிருந்து சிரித்தோம்.

அந்த வார இறுதியில் மூன்று பஸ் மாறி ஊருக்குப் போனேன். அம்மம்மா திண்ணையில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். குளிர்த்தி எதற்காக என்று கேட்டதும், பாக்குவெட்டியை நிறுத்தாமலே, “இதுக்கும் சோதனை வைக்கிறாங்களா மனே?” என்றார். பிறகு, கோபம் தணியத்தான் என்று தன் தாயார் சொன்னதாகச் சொன்னார். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த சின்னம்மா அதை ஏற்கவில்லை. வெக்கை காலத்தில் அம்மாள் வருத்தம் என்னும் அம்மை நோய் ஊருக்குள் வராமல் இருப்பதற்கே அது என்றார். மாலையில், கண்ணகியின் கதையைச் சொல்லும் வழக்குரையைக் கோயிலில் பாடும் முதியவரிடம் போனேன். அவர் நீண்ட நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, அம்மன் குளிர்ந்தால் மழை குளிரும், மழை குளிர்ந்தால் வயல் குளிரும், இதில் எது முதல் எது பிறகு என்று பிரித்துக் கேட்கக் கூடாது என்றார். ஒரே நாளில், ஒரே தெருவில், மூன்று விளக்கங்கள். பெயர், வயது, திகதி எல்லாம் குறித்து ஒப்படையைத் திரும்ப எழுதினேன். அதற்கும் ‘பி பிளஸ்’ தான் கிடைத்தது. இம்முறை ஓரத்தில், ‘மூவரும் ஏன் வேறுபடுகிறார்கள்?’ என்று எழுதியிருந்தது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலை கலாசார பீடத்தில் கழிந்த நான்கு ஆண்டுகளில் நான் என்ன படித்தேன் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வது வழக்கம். கேட்பவர்கள் பெரும்பாலும் திருப்தியடைவதில்லை. தமிழ், புவியியல், நாடகமும் அரங்கியலும் என்று முதலாம் ஆண்டில் மூன்று பாடங்களை நான் எடுத்திருந்தது, உறவினர்களுக்குக் கத்தரிக்காயையும் கருவாட்டையும் பாயாசத்தையும் ஒரே கோப்பையில் போட்டது போலத் தோன்றியது. எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், விஞ்ஞானம் படித்தவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை விளங்கிக்கொள்ளப் புறப்பட்டு, சுர இடைவெளிகளைக் கணக்கிட்டு, 1947இல் யாழ் நூலாக முடித்தவர். அவருடைய படத்தை வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் பெரியவர்கள்தாம் இந்தப் பாடங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதே என்று என்னிடம் சொன்னார்கள்.

புவியியலில் ஒட்டியது. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது என்றும், பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் அது கடலோடு கலக்கிறது என்றும் வகுப்பில் எழுதிக்கொண்ட அடுத்த கிழமை, எங்களைப் பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் அழைத்துப்போய், முதல் அரை மணித்தியாலம் கொப்பியைத் திறக்கக் கூடாது என்று விரிவுரையாளர் உத்தரவிட்டார். வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றோம். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்துப் பாவப்பட்டு, மணல் திட்டு எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நகரும் என்று விரலால் நிலத்தில் கீறிக் காட்டினார். மாரியில் வயல்கள் மூழ்கும்போது, வெள்ளம் கடலுக்கு வடிய ஆற்றுவாயின் மணல் திட்டை வெட்டச் சொல்லி விவசாயிகள் கேட்பதையும், வெட்டும் நாளைப் பொறுத்து இறாலும் மீனும் வருவதும் போவதும் மாறும் என்று மீனவர்கள் சொல்வதையும் அன்றுதான் முதன்முறையாக ஒரே இடத்தில் வைத்துக் கேட்டேன்.

விரிவுரைகளைவிடக் குப்பியில் படித்ததே அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கின் கீழ் கூடிப் படித்த காலத்துப் பெயர், மின்விளக்கு வந்த பிறகும் மாறவில்லை; பரீட்சைக்கு முன்னைய இரவுகளில் விளங்கியவன் விளங்காதவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு இன்றும் அதுதான் பெயர். கற்பித்தல் தமிழில் என்றாலும் வாசிக்க வேண்டிய கட்டுரைகள் பல ஆங்கிலத்தில் இருந்தன. காத்தான்குடி நண்பன் ஒருவன் அகராதியைப் பிடித்துக்கொள்ள, பதுளையிலிருந்து வந்தவன் வாக்கியத்தை உடைக்க, நான் அதைத் தமிழில் எழுத, ஒரு பக்கத்துக்கு இரண்டு மணித்தியாலம் போகும். அந்த வேகத்தில் வாசித்தவை எதுவும் மறக்கவில்லை. மறுநாள் காலையில் கன்ரீன் பணிசும் பிளேன்ரீயும்.

இந்த வளாகம் 1981 ஓகஸ்ட் முதலாம் திகதி, வந்தாறுமூலை மத்திய கல்லூரி இருந்த இடத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 ஒக்டோபரில் முழுமையான பல்கலைக்கழகமானது. இதைப் பரீட்சைக்குப் போல மனனம் செய்து வைத்திருந்தேன். அதே மரங்களின் கீழ், 1990இல் யுத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த மக்கள் அகதிகளாகத் தங்கியிருந்தார்கள் என்பதும், அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி அவர்களில் 158 பேரை இராணுவத்தினர் கொண்டுசென்றார்கள் என்பதும், அவர்கள் திரும்பி வரவேயில்லை என்பதும் மூன்றாம் ஆண்டில்தான் எனக்குத் தெரியவந்தது. செங்கலடியில் நான் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கடைக்காரர், பேச்சோடு பேச்சாக, தன்னுடைய அண்ணனும் அந்த வரிசையில் நின்றதாகச் சொன்னார். யார் சொன்னது என்று அங்கே நான் கேட்கவில்லை. ஆனால் அன்று இரவே அவர் சொன்னதைச் சொன்னபடியே, திகதியிட்டு, கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்.

பட்டம் கையில் வந்த பிறகான கதை எல்லோருக்கும் தெரிந்தது. 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்கா முன்பாக வேலையற்ற பட்டதாரிகள் போட்ட போராட்டக் கொட்டகையில் நானும் பல நாட்கள் இருந்தேன். ‘கலைப்பீடம் படித்தால் இதுதான்’ என்று வீதியில் போனவர்கள் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. இலவசமாகக் கிடைத்த கல்வி என்பதற்காக அதன் குறைகளை மூடிமறைக்க வேண்டியதில்லை. வேலைக்குத் தேவையான கணினியையும் அலுவலக ஆங்கிலத்தையும் நான் வெளியில் காசு கட்டித்தான் பழகினேன். தனியார் வகுப்பு, பதிலீட்டு ஆசிரியர், திரும்பவும் தனியார் வகுப்பு என்று சில ஆண்டுகள் கழிந்து, இப்போது ஓர் அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன்.

சென்ற மாரியில் ஆற்றுவாய் வெட்டுவது பற்றி ஒரு கூட்டம் நடந்தது. விவசாயிகள் ஒரு பக்கக் கதிரைகளிலும் மீனவர்கள் மறு பக்கக் கதிரைகளிலும் இருந்தார்கள். குறிப்பெடுக்கும் பொறுப்பு எனக்கு. ‘வெட்டுவதே பொதுமக்களின் கருத்து’ என்று ஒரு வரியில் எழுதி முடிக்குமாறு மேலதிகாரி காதோடு சொன்னார். நான் எழுந்து, எந்தக் கிராமத்தவர், எந்த நாளில், எந்த அளவு தண்ணீரில் வெட்ட வேண்டும் என்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினேன். விவசாயிகளிலேயே இருவர் ஒருவரையொருவர் மறுத்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு மீனவர் எழுந்து, 20 ஆண்டுகளில் தன்னிடம் இதை யாரும் கேட்டதில்லை என்று கூறிவிட்டு, பிறகு முக்கால் மணித்தியாலம் பேசினார். தேநீர் ஆறிப்போனது, மேலதிகாரி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கூட்டக் குறிப்பு ஒன்பது பக்கமாயிற்று.