கோட்டின் கை உட்கார்ந்துவிட்டது

ஒருவழியாக, குளிர் நாட்டுப் பயணத்துக்கு நானே தைக்கும் கம்பளிக் கோட்டின் இரண்டு கைகளும் தோளில் சரியாக உட்கார்ந்துவிட்டன. கைத்தலைப்பில், அதாவது கை தோளோடு சேரும் மேல்வளைவில், ஒரு சுருக்கம்கூட இல்லை. கையை உயர்த்தி அலுமாரியின் மேல்தட்டைத் தொட்டால் கோட்டின் கீழ்விளிம்பு இரண்டு விரல் அளவுக்கு மேல் ஏறவில்லை. கம்பளி தைத்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்று தெரியும். கழுத்துப்பட்டியும் தெறிகளும் இன்னும் மிச்சம் இருக்கின்றன. அவை முடியும்வரை பொறுத்திருக்க என்னால் முடியவில்லை.

பயணம் ஒக்டோபர் கடைசியில். லண்டனில் ஹரோவில் அக்கா வீடு, பிறகு எடின்பரோவில் சில நாட்கள். வன்னியிலிருந்து போகிறவரின் பெட்டியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முக்கால்வாசி இடம் மிளகாய்த்தூளுக்கும் பனங்கட்டிக்கும் புழுக்கொடியலுக்கும்தான். அதைக் குறைக்கும்படி அம்மாவிடம் சொல்ல யாருக்கும் துணிவில்லை, எனக்கு மனமும் இல்லை. உடுப்புக்குக் கிடைப்பது ஒரு மூலை. அந்த மூலைக்குள் அடங்கும் உடுப்பு குளிரைத் தாங்க வேண்டும், கோயிலுக்கும் ஆக வேண்டும், போட்டால் வடிவாகவும் இருக்க வேண்டும்.

வடிவு என்பதை அற்பமாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வெளிநாடு போய்வந்த எங்கள் உறவுப் பெண்களின் படங்களைப் பாருங்கள். யாரோ இரவல் கொடுத்த, பஞ்சு அடைத்த கறுப்பு ஜாக்கெட். தோள் கீழே சரிந்திருக்கும், கை விரல்நுனிவரை வந்திருக்கும், கீழே பஞ்சாபியின் ஓரம் ஒரு முழம் எட்டிப் பார்க்கும். உள்ளே போட்டிருப்பது எவ்வளவு நல்ல உடுப்பானாலும் வெளியே ஒருவர் கண்ணிலும் படாது. குளிர் நாட்டு வீதியில் நம்மைப் பார்ப்பவர் பார்ப்பது கோட்டைத்தான். 1985இல் ஆடை வடிவமைப்பாளர் டோனா கரன் நியூயார்க்கில், ஒன்றோடொன்று மாற்றிச் சேர்த்துப் போடும் ஏழு உருப்படித் திட்டத்தைக் காட்டியபோது உடலோடு ஒட்டிய உள்ளுடுப்பை அடித்தளமாக வைத்தார். அவருடைய பெண்கள் காரில் ஏறி அலுவலகத்தில் இறங்குபவர்கள். பஸ் தரிப்பில் நிற்கப் போகும் எனக்கு அந்த வரிசை பொருந்தாது. ஆகவே கோட்டை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து உள்நோக்கி வந்தேன்.

என்னுடையது குள்ளமான, தோள் ஒடுங்கிய, இடுப்பு அகன்ற உடம்பு. கடைக் கோட்டில் இடுப்புக்குச் சரியான அளவை எடுத்தால் தோள் தொங்கும். தோளுக்குச் சரியாக எடுத்தால் கீழ்த்தெறி பூட்டாது. ஆகவே தைப்பதைத் தவிர வேறு வழியில்லை. நீளம் முழங்காலுக்கு ஓர் அங்குலம் மேலே. அதற்குக் கீழே இறக்கினால் குள்ளம் இன்னும் குள்ளமாகும். உள்ளே போடும் மேற்சட்டைகள் எல்லாம் கோட்டைவிட இரண்டு அங்குலம் குறைவு, எல்லாம் ஒரே நீளம். இந்த ஒரு முடிவிலேயே பாதித் திட்டம் முடிந்துவிட்டது. எந்தச் சட்டையை எடுத்தாலும் கோட்டுக்குக் கீழே எதுவும் தெரியாது, எந்தக் காற்சட்டையோடும் போகும். பக்கவெட்டையும் வழமையைவிடக் கீழே தொடங்கியிருக்கிறேன். அது இடுப்பில் பிரிந்து நிற்காது, காற்றும் புகாது.

நிறத்துக்கு நாவற்பழ நிறம். கறுப்பையும் சாம்பலையும் ஒதுக்கிவிட்டேன். மழைக்கால வானத்தின் மங்கல் ஒளியில் துணித் துண்டுகளை முகத்தருகே பிடித்துப் பார்த்தால் தெரியும். எங்கள் மாநிறத்துக்கு அந்த ஒளியில் கறுப்பு களையைக் கொண்டுபோகிறது, நாவல் நிறம் திருப்பித் தருகிறது. கழுத்துக்குக் கடுகு மஞ்சளில் ஒரு சால்வை.

இனி கைக்குழி, கோட்டின் உடம்பில் கையைப் பொருத்தும் வளைந்த வெட்டு. உள்ளே அடுக்கடுக்காகப் போட வேண்டுமானால் கைக்குழியை ஆழமாக வெட்டு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் இதை வன்மையாக மறுக்கிறேன். குழி ஆழமானால் கை உடம்போடு சேரும் இடம் விலாவுக்கு இறங்கிவிடும். பிறகு கையைத் தூக்கும்போதெல்லாம் கோட் முழுவதும் கூடவே கிளம்பும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் தொப்புள்வரை குளிர்காற்று. குழி உயரத்திலேயே இருக்க வேண்டும். பஞ்சாபியின் குழியைவிட அரை அங்குலம் மட்டும் இறக்கினேன். அடுக்குகளுக்கு வேண்டிய இடத்தை அகலத்தில் கொடுத்தேன்: முதுகுக்குக் குறுக்கே முக்கால் அங்குலம், கையின் மேற்சுற்றில் வெறும் கையின் அளவைவிட நான்கு அங்குலம். பழைய படுக்கை விரிப்பில் மாதிரி தைத்து, உள்ளே கம்பளிச் சட்டையும் போட்டுக்கொண்டு வாளியில் தண்ணீர் அள்ளிப் பார்த்தேன். எங்கும் பிடிக்கவில்லை.

அடுத்தது, நீளமான கைத்தலைப்பைக் குறுகிய குழிக்குள் சுருக்கமில்லாமல் இறக்குவது. தூய கம்பளி என்றால், குழியைவிடத் தலைப்பு ஒன்றரை அங்குலம் மிகையாக இருந்தாலும் நீராவியில் விழுங்கிவிடும். என் துணியின் ஒரு நூலைப் பிரித்து எரித்தேன். மயிர் கருகும் மணமும் வந்தது, நுனியில் கடினமான ஒரு மணியும் உருண்டது. கம்பளியோடு பொலியெஸ்டர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். பொலியெஸ்டர் அப்படிச் சுருங்கிக் கொடுக்காது. ஆகவே தலைப்பின் உயரத்தைக் கொஞ்சம் தட்டையாக்கி, மிகையை ஓர் அங்குலத்துக்கும் குறைவாக்கினேன். நீளத் தையல் இரண்டு வரி, ஒன்று தையல்கோட்டை ஒட்டி, மற்றது விளிம்புப் பக்கம் கால் அங்குலம் தள்ளி. இரண்டையும் சேர்த்து மெதுவாக இழுத்து, குழியில் பொருத்தும் முன்பே தலைப்பை வளைத்துவிட வேண்டும்.

அந்த வளைவுக்குத் தையல் திண்டு ஒன்று வேண்டும். கடையில் தேடாதீர்கள். மரக்காலைக்குப் போய் மரத்தூள் கேட்டேன். "அடுப்புக்கா பிள்ளை?" என்றார் ஐயா. தைத்த துணியை மேலே வைத்து அழுத்துவதற்கு என்று விளங்கப்படுத்தியதும், அவரே வெளிர் நிறத் தூளாகப் பார்த்து அள்ளித் தந்தார். "பாலைத் தூள் வேண்டாம், ஈரம் பட்டால் சாயம் இறங்கும்" என்றார். வெயிலில் நன்றாகக் காயவைத்து, அரித்து, இரட்டைக் காடாத்துணிப் பையில் கல்லாகும்வரை இடித்து அடைத்தேன். போதாததற்கு, செங்கல் அளவில் முதிரைக் கட்டை ஒன்றையும் இழைத்துத் தந்தார். அது இப்போது என் தையல் மேசையிலேயே விலைமதிப்பான பொருள். நீராவி கொடுத்த உடனே கட்டையை மேலே வைத்து அழுத்தினால் ஆவியை உறிஞ்சி, துணியை மினுக்கம் ஏறாமல் தட்டையாக்கும்.

கம்பளி சூட்டில் வளையும், ஆறும்போதுதான் அந்த வளைவைப் பிடித்துக்கொள்ளும். இங்கே பகலில் எதுவும் ஆறாது. ஆகவே அழுத்தும் வேலை எல்லாம் விடியற்காலையில், கோழி கூவும் நேரத்தில்தான். ஈரம் பிழிந்த பழைய வேட்டித்துணியை விரித்து, அதன் மேல் சிரட்டைக்கரி போடும் பித்தளை ஸ்திரிக்கைப் பெட்டியை வைத்து எடுத்தேன். தேய்க்கக்கூடாது, வைத்து எடுக்க வேண்டும். மின்சார அழுத்தி இருக்கிறது. ஆனாலும் இந்தப் பழைய பெட்டியின் கனம் அதற்கு வராது. சாம்பல் பறக்காமல் இருக்க, கரி முழுவதும் கனன்ற பிறகு வெளியே கொண்டுபோய் ஒருமுறை ஊதிவிட்டு வந்தால் போதும். சுருக்கமெல்லாம் துணிக்குள் அடங்கி, தலைப்பு வாழைப்பூ மடல் மாதிரி வளைந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சியை மச்சாளுக்குத் தொலைபேசியில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

லைனிங்கைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் இதை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. அக்குளுக்கு நேரே கோட்டின் தையல் ஓரம் நிமிர்ந்து நிற்கும். லைனிங் அந்த ஓரத்தைத் தாண்டி ஏறி இறங்க வேண்டும். மேல்துணியின் அளவிலேயே லைனிங்கை வெட்டினால் அந்த இடத்தில் துணி போதாமல் கை உள்ளே இழுபடும். வெளியே எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் அக்குளிலிருந்து சாய்வான ஒரு வரி தெரியும். லைனிங்கின் உடம்பிலும் கையிலும் அக்குள் பகுதியை மட்டும் அரை அங்குலம் உயர்த்தி வெட்டுங்கள். முதுகின் நடுவே ஓர் அங்குல மடிப்பும் விடுங்கள். கோட் நன்றாக இருந்தும் போட்டால் ஏனோ பிடிக்கிறது என்று சொல்லும் பலருக்கு இந்த அரை அங்குலம்தான் குறை என்பது என் உறுதியான எண்ணம்.

நெய்த கம்பளிக்குள் காற்று நுழையும். அதனால் உடம்புப் பகுதிக்கு மட்டும் மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே பிளனல் வைத்தேன். கைக்கு வைக்கவில்லை, வைத்தால் தடித்துப்போகும்.

துணி வாங்கிய இடங்களைக் கேட்பீர்கள். வவுனியாக் கடைகளில் காற்சட்டைத் துணி தாராளமாகக் கிடைக்கிறது, கருநீலத்தில் இரண்டு காற்சட்டைக்கும் அங்கேதான் எடுத்தேன். கோட் துணிக்குக் கொழும்புதான். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் மிச்சத் துணி விற்பவர்களிடம் பொறுமையாகக் கிளறினால், 58 அங்குல அகலத்தில் மூன்று மீற்றர் அகப்படும். நூலும் லைனிங்கும் அங்கேயே வாங்கிவிடுங்கள், நிறம் பொருத்திப் பார்க்கலாம். ஒரு கடையில் தூய கம்பளி என்று சத்தியம் செய்து விற்றார்கள். எரித்துப் பார்க்காமல் யாரையும் நம்ப வேண்டாம். குளிர் உடுப்பு நம் நாட்டுத் தொழிற்சாலைகளிலேயே ஏற்றுமதிக்குத் தைக்கப்படுவதால், மிச்ச உருப்படிகள் நடைபாதைக் கடைகளுக்கும் வருகின்றன. உடலோடு ஒட்டிய உள்சட்டைகளை அங்கேதான் எடுக்க எண்ணியிருக்கிறேன். பருத்தி வேண்டாம். லண்டனின் நிலத்தடி ரயிலில் வியர்க்கும், மேலே ஏறி வந்தால் காற்று அடிக்கும். வியர்வை ஊறிய பருத்தி உடம்பிலிருந்து சூட்டை இழுத்துக்கொள்ளும். கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் உடனே குளிராது.

மிகுதி உருப்படிகள் ஏறத்தாழத் தயார். மூன்று மேற்சட்டை, ஒரு பின்னல் கம்பளிச் சட்டை, இரண்டு காற்சட்டை, சால்வை, நடக்க ஒரு சோடிச் சப்பாத்து. ஹைகேற் முருகன் கோயிலுக்குக் கட்ட ஒரு சேலை, மெல்லிய பட்டு. அந்தச் சேலைக்கான சட்டைதான் அடுத்த வேலை. முழுக்கை, உயர்ந்த கழுத்து, மெல்லிய மெரினோப் பின்னலில். பழைய ஆண்கள் சுவெற்றர் ஒன்றைப் பிரித்து வெட்டலாம் என்று பார்க்கிறேன். பின்னல் துணி இழுபடும் என்பதால் முன்பக்கத் தெறி வேண்டாம், தலைவழியாகவே போடும்படி வெட்டினால் சேலையின் கீழே படிந்திருக்கும். உள்பாவாடைக்குக் கீழே ஒட்டிய கம்பளிக் காலுறை. கோயில் வாசலில் கழற்ற வேண்டியிருப்பதால் சப்பாத்துக்குக் கயிறு வேண்டாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அதற்கேற்ற சப்பாத்து இன்னும் கிடைக்கவில்லை.

கிளிநொச்சியில் இருந்துகொண்டு கோட்டின் சூட்டைச் சோதிக்க முடியாது. ஓகஸ்டில் நுவரெலியா போகும் எண்ணம் இருக்கிறது. 1,868 மீற்றர் உயரம். அங்கே இரவில் இறங்கும் குளிர் லண்டனின் ஒக்டோபர் கடைசி விடியற்காலை அளவுக்கு வராது, ஆனாலும் ஓரளவு சோதிக்கப் போதும். ஓகஸ்டில் மழையும் இருக்கும், அதுவும் நல்லதுதான். கிரெகரி ஏரியைச் சுற்றி நடந்தால் காற்று எங்கே புகுகிறது என்று தெரிந்துவிடும். அதற்குள் கழுத்துப்பட்டி ஏற வேண்டும். கீழ்ப்பட்டியைச் சாய்வெட்டில் வெட்டிவைத்திருக்கிறேன், பட்டி விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் கன்வஸ் துணியை இன்னும் தைக்கவில்லை. தெறிகளுக்குச் சிரட்டையில் செய்த பெரிய அளவு வாங்கியாகிவிட்டது. தெறித்துளைதான் மிச்சம். இவ்வளவு தடித்த துணியில் மெஷின் துளை எனக்குப் பிடிக்கவில்லை, பட்டுநூலில் கையால் தைத்த துளைதான் வேண்டும். வவுனியாவிலோ மன்னாரிலோ அதைச் சுத்தமாகச் செய்து தரும் பழைய தையற்காரர் யாரையாவது அறிந்திருந்தால் சொல்லுங்கள். கூலி கொடுத்துச் செய்விப்பதைவிட, பக்கத்தில் இருந்து பழகிக்கொள்ளவே விரும்புகிறேன்.