வாரை மாட்டிவிட்டு வண்டியை எடுங்கள்

ஹெல்மெட் போட்டிருக்கிறார்கள், ஆனால் வார் தாடைக்குக் கீழே சும்மா தொங்குகிறது. சாலையில் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. வார் மாட்டாத ஹெல்மெட் மோதிய வேகத்தில் கழன்று போய்விடும். தலை தரையில் அடிக்கும்போது அது தலையில் இருக்காது. பின்னால் உட்காருபவருக்கும் இதே கதைதான்.

1935-இல், 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பெயர்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. ஈ. லாரன்ஸ் பைக் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ், பிறகு பைக் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். ஹெல்மெட் உயிர் காக்கும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. இன்னமும் நாம் அதை டேங்க் மேல் வைத்து ஓட்டுகிறோம்!

அப்புறம், சந்திப்புகள். எதிரே வரும் கார் உங்களைக் கவனிக்காமலே குறுக்கே திரும்பலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் போய்விடுவோம். பிரேக்கைப் பிடிக்கவே அந்த நொடி சரியாகப் போய்விடும். அதனால் முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக் மேல் விரலை வைத்திருங்கள்.

முன் பிரேக்குக்குப் பயந்து பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவர்கள் நிறைய. வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பகுதி முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. காலி மைதானத்தில், மெதுவான வேகத்தில், இரண்டையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்திப் பழகுங்கள்.