வார் ஃபைலை நம்பி இன்னொரு வார் ஃபைல்: மேவனில் எங்கே சிக்கும்?

ஜாவா ப்ராஜெக்டுகளை பில்ட் செய்யும் கருவியான மேவனில், ஒரு வெப் அப்ளிகேஷனை (அதை முழுதாக அடைத்த பொதியான வார் ஃபைலை) இன்னொன்றின் டிபென்டன்சியாக, அதாவது அது சார்ந்திருக்கும் பொருளாக, சேர்த்ததும் பெரும்பாலும் வருகிற முதல் எரர், கிளாஸ் கிடைக்கவில்லை என்பதுதான். டைப் 'வார்' என்று கொடுத்த டிபென்டன்சி கம்பைல் கிளாஸ்பாத்தில் (கம்பைலர் கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியலில்) ஏறாது. வார் ஃபைலை உருவாக்கும் மேவனின் வார் பிளகினில் 'அட்டாச்கிளாஸஸ்' என்பதை ட்ரூ ஆக்கினால், வார் ஃபைலோடு 'கிளாஸஸ்' என்ற கிளாசிஃபையர் (பெயரோடு சேரும் அடையாளம்) கொண்ட ஜாரும், அதாவது கிளாஸ்களை அடைத்த பொதியும், உருவாகும். மற்ற ப்ராஜெக்ட் அந்த ஜாரைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஜேஎஸ்பி, சிஎஸ்எஸ் போன்ற பக்க ஃபைல்களுக்காக ஓவர்லே போடும்போதுதான் உண்மையான தலைவலி தொடங்குகிறது. ஓவர்லே என்பது நீங்கள் சார்ந்திருக்கும் அடிப்படை வாரைப் பிரித்து உங்கள் வாருக்குள் கொட்டுவது; பதிப்பு மோதலை அது பார்க்காது. அதில் காமன்ஸ்-லாங் லைப்ரரியின் 3.9, உங்களுடையதில் 3.12 என்றால் ஃபைல் பெயர்கள் வேறு, எனவே இரண்டும் வாருக்குள் லைப்ரரி ஜார்கள் இருக்கும் வெப்-இன்ஃப்/லிப்பில் உட்கார்ந்துவிடும். வார் ஃபைலை ஓட்டும் டாம்கேட் சர்வரில், 8-ஆம் பதிப்பு முதல் அந்த ஃபோல்டரில் எந்த ஜார் முதலில் ஏறும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஒரு சர்வரில் ஓடுவது இன்னொன்றில் 'நோ சச் மெத்தட்' என்று விழுவது இதனால்தான். டிபென்டன்சி ட்ரீயை (மேவன் காட்டும் சார்புப் பட்டியலை) பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும், ஏனென்றால் வாருக்குள் அடைபட்ட ஜார்களை அது காட்டாது. பில்ட் ஆன வார் ஃபைலையே திறந்து லிப் பட்டியலைப் பாருங்கள்.

ஓவர்லேயில் வெப்-இன்ஃப்/லிப், வெப்-இன்ஃப்/கிளாஸஸ் இரண்டையும் எக்ஸ்க்ளூட் செய்வதே சரி. புரோகிராம் கோடு கிளாஸஸ் ஜார் வழியாக, கம்பைல் ஸ்கோப்பில் வரட்டும் (ஸ்கோப் என்பது ஒரு டிபென்டன்சி எங்கெல்லாம் பயன்படும் என்பதைச் சொல்லும் அமைப்பு). அதன் பின்னால் வரும் லைப்ரரிகளுக்கு மேவனே ஒரு பதிப்பைத் தேர்ந்தெடுக்கும். ஸ்கோப்பை 'ப்ரொவைடட்' (சர்வரே தரும்) என்று மாற்றினால் அந்த லைப்ரரிகளும் வாரில் சேராமல் போகும்.

அப்ளிகேஷனின் அமைப்புகளை எழுதும் வெப் எக்ஸ்எம்எல் ஃபைலில் கூடுதல் கவனம் தேவை. இரண்டு ப்ராஜெக்டிலும் அது இருந்தால் உங்களுடையது முழுதாக ஜெயிக்கும், ஒன்றாகச் சேராது. அடிப்படை வாரில் இருந்த லாகின் ஃபில்டர் (லாகின் ஆனவரா என்று சோதிக்கும் பகுதி) எந்த எச்சரிக்கையும் இல்லாமல் காணாமல் போகும்; பில்டோ பச்சையாகவே முடியும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு வாரை இன்னொரு வார் சார்ந்திருக்கவே விட வேண்டாம். இரண்டுக்கும் பொதுவான புரோகிராம் கோடை ஒரு ஜார் மாட்யூலாகப் பிரியுங்கள். ஜாவா வெப் தரநிலையான சர்வ்லெட்டின் 3.0 பதிப்பு முதல் ஜாருக்குள் மெட்டா-இன்ஃப்/ரிசோர்ஸஸில் வைத்த பக்கங்களையும் படங்களையும் சர்வரே எடுத்துத் தரும். ஃபில்டர்களை வெப்-ஃப்ராக்மென்ட் ஃபைலில் (ஜாருக்குள் வைக்கும் துண்டு வெப் எக்ஸ்எம்எல்) எழுதலாம். ஆனால் முதன்மை வெப் எக்ஸ்எம்எல்லில் 'மெட்டாடேட்டா-கம்ப்ளீட்' ட்ரூ என்று இருந்தால் அந்த ஃப்ராக்மென்ட் படிக்கப்படாது.