ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஸ்பைரோமெட்ரி: அலைந்து முடித்த கதை

ஸ்பைரோமெட்ரி என்றால் குழாயில் ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும் டெஸ்ட். அப்பாயின்ட்மென்ட் கொடுத்த லேபில் ஒருவர்கூடச் சொல்லவில்லை, டெஸ்டுக்கு முன் சால்பியூட்டமால் (இழுப்புக்கு உறிஞ்சும் இன்ஹேலர் மருந்து) கொடுக்கக்கூடாதென்று. விடியற்காலையில் பாப்பாவுக்கு இழுப்பு வந்தது, ஸ்பேசரில் (இன்ஹேலரோடு மாட்டும் குடுவை) இரண்டு பஃப் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். கவுன்டரில் கேட்டார்கள், சொன்னோம். “அப்படியானா இன்னிக்கு முடியாதுங்க, நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும்.” மருந்து ஏற்கெனவே மூச்சுக்குழாய்களை விரித்திருந்தால், மருந்துக்கு முன் எப்படி, பின் எப்படி என்று ஒப்பிடவே முடியாதாம். சரி, இதை போனிலேயே சொல்லியிருக்கலாமே! இன்ஹேலர், மாத்திரை, சிரப் எல்லாவற்றின் பெயரையும் சொல்லி, எதை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். மூச்சுத் திணறல் வந்தால் மட்டும் யோசிக்காமல் மருந்தைக் கொடுத்துவிடுங்கள்; டெஸ்டைத் தள்ளிப்போடலாம்.

மறுபடி போனபோது வேறு கூத்து. வெகுநேரம் காக்கவைத்து, பிள்ளைக்குத் தூக்கம் சொக்கும் நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். மூக்கில் கிளிப்பை மாட்டியதுமே அழுகை. டெஸ்ட் எடுத்த தம்பி “ஊது, ஊது, ஊது!” என்று கத்த, இவள் கன்னத்தை உப்பிக்கொண்டு பலூன் ஊதுவதுபோல ஊதினாள். உதட்டோரம் காற்று கசிந்ததை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. ரிப்போர்ட்டில் நுரையீரல் திறன் குறைவு என்று வந்தது. கீழே பொடி எழுத்தில், முயற்சி போதவில்லை என்றும் ஒரு வரி.

அதைவிடப் பெரிய விஷயம் மேலே இருந்தது. உயரம் 120 செ.மீ. என்று போட்டிருந்தார்கள். அவள் 109. உயரம், வயது, பெண்ணா ஆணா என்பதை வைத்துத்தான் ‘இவ்வளவு ஊதவேண்டும்’ என்று மெஷின் கணக்குப் போடுகிறது. உயரத்தைக் கூட்டிப்போட்டால் நல்ல பிள்ளையும் குறைவாகத் தெரியும். செருப்பைக் கழற்றி நிற்கவைத்து அளக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் அந்தக் கட்டத்தை முதலில் பாருங்கள். சண்டை போட்டுத் திருத்தி வாங்கினேன். பணம் மட்டும் திரும்பவில்லை.

டாக்டர் அந்த ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, குழந்தைகளுக்கே டெஸ்ட் எடுத்துப் பழகிய இடத்துக்கு அனுப்பினார். அங்கே எல்லாம் சுலபம். திரையில் மெழுகுவத்திகள், அணைத்தால் கைதட்டு. வீட்டில் காகிதக் குழலை உதட்டால் இறுக்கிப் பிடித்து, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து ஒரே மூச்சில் ஊதப் பழக்கியிருந்தோம், அது கைகொடுத்தது. இந்த வயதில் பெரியவர்கள்போல ஆறு விநாடி ஊதவேண்டியதில்லை, ஒரு விநாடி ஒழுங்காக ஊதினாலே போதுமாம். பிறகு நாலு பஃப், பதினைந்து நிமிடம் காத்திருப்பு, மறுபடி ஊதல். முதல் விநாடிக் காற்று 12 சதவீதத்துக்கு மேல் கூடினால் ஆஸ்துமாவுக்கு வலுவான அடையாளம், எங்களுக்கு 17.

கூடாமல் போயிருந்தாலும் ஆஸ்துமா இல்லை என்று அர்த்தமில்லை என்றார் டாக்டர். இழுப்பு இல்லாத நாளில் ரிப்போர்ட் நார்மலாகவே வரலாம். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் இருமல் வரும் விதம், குடும்பத்தில் யாருக்கு இருக்கிறது, இன்ஹேலருக்கு எப்படிக் கேட்கிறது என்பதை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். சில பெரிய ஊர்களில் சாதாரணமாக மூச்சுவிட்டாலே போதும் என்கிற ஆசிலோமெட்ரி இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையும் செய்யலாம்; கன்னத்தை மட்டும் யாராவது பிடித்துக்கொள்ளவேண்டும்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஊதவேண்டும். எந்த மருந்தை எப்போது நிறுத்துவது என்பதை இந்தமுறை சீட்டிலேயே எழுதி வாங்கிவிட்டேன்.