பலெர்மோ நாட்குறிப்பு (சிசிலித் தீவு, இத்தாலி), அக்டோபர் 2024

அக்டோபர் 15, செவ்வாய்

காலை ஒன்பதரைக்கு குவாத்ரோ கான்தி சந்திப்பில் வழிகாட்டி நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. கழுத்தில் உரிமம் பெற்ற வழிகாட்டி என்பதற்கான அட்டை. தூக்கிப் பிடிக்கக் கொடியோ குடையோ இல்லை, ஏனென்றால் ஆளே நாங்கள் இரண்டு பேர்தான். அப்பாவைக் கூட்டிக்கொண்டு முப்பது பேர் கும்பலோடு ஊர் சுற்ற முடியாது. பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சுவரைப் பார்த்தாலும் தட்டிப் பார்க்காமல் நகர மாட்டார். கும்பல் இரண்டு தெரு தாண்டிப் போயிருக்கும்.

சந்திப்பையே முதலில் பார்த்தோம். 1600களின் தொடக்கத்தில், ஸ்பானியர் ஆண்ட காலத்தில், இரண்டு நேர்த்தெருக்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தின் நான்கு மூலைகளையும் உள்வாங்கிய வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். கீழ்த்தட்டில் நீரூற்றும் பருவங்களின் சிலைகளும், நடுவில் ஸ்பானிய அரசர்கள், உச்சியில் ஊரின் நான்கு பேட்டைகளுக்கும் ஆளுக்கொரு காவல் புனிதை. பகலில் எந்நேரமும் ஏதாவது ஒரு மூலையில் வெயில் விழுந்துகொண்டே இருக்கும் என்றார் வழிகாட்டி. நாங்கள் நின்ற மூலையில்தான் விழுந்தது. அக்டோபரிலும் சுட்டது.

பக்கத்திலேயே பிரெத்தோரியா நீரூற்று. 1554இல் ஃபுளோரன்சில் ஒரு பிரபுவின் தோட்டத்துக்காகச் செய்தது. பின்னாளில் அது விலைக்கு வர, பலெர்மோ நகரசபை வாங்கி, 644 துண்டுகளாகக் கப்பலில் வரவழைத்து இங்கே பூட்டியது. சுற்றிலும் ஆடையில்லாத சிலைகள், எதிரிலேயே கன்னிமாடம். ஊர் என்ன பேர் வைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அப்பா துண்டுகள் சேரும் இடங்களைத் தேடிக் குனிந்து நடந்தார்.

அப்புறம் மர்தொரானா. இன்றைய நாளில் நான் எழுத நினைப்பது இந்தக் கோயிலைத்தான். 1143இல் இதைக் கட்டியவர் அந்தியோக்கியாவின் ஜார்ஜ். சிரியாப் பக்கத்துக் கிரேக்கக் கிறிஸ்தவர். வட ஆப்பிரிக்காவின் முஸ்லிம் அரசரிடம் வேலை பார்த்துவிட்டு, இங்கே வந்து, வட பிரான்சிலிருந்து வந்து சிசிலியைப் பிடித்த நார்மன் வம்சத்து அரசர் இரண்டாம் ரோஜரின் கடற்படைத் தலைவரானவர். உள்ளே தங்கப் பொடிக்கல் (மொசைக்) ஓவியத்தில் மாதாவின் காலடியில் குப்புற விழுந்து கிடக்கிறார். உடம்பு முழுக்க அங்கிக்குள் ஒடுங்கி, தலையும் கையும் மட்டும் வெளியே நீட்டி, ஆமை மாதிரியே. எதிர்ப்பக்கத்தில் ரோஜர், கிரீடத்தை இயேசுவின் கையிலிருந்தே வாங்கிக்கொள்கிறார், நடுவில் போப்பாண்டவர் யாரும் இல்லை. தலைக்கு மேல் கிரேக்க எழுத்தில் ‘ரோகேரியோஸ் ரெக்ஸ்’. சொல் லத்தீன், எழுத்து கிரேக்கம். குவிமாடத்தின் அடியில் சுற்றி ஓடும் மரப்பலகையில் அரபி எழுத்து. குர்ஆன் வசனமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, கிறிஸ்தவத் துதிதான், அரபியில்.

பின்னாளில் கன்னியாஸ்திரிகள் கோயிலைப் பெரிதாக்க வேண்டும் என்று பழைய பீடப் பகுதியை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே பளபளக்கும் பரோக் வேலைப்பாடு. அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

ஒட்டினாற்போல் சான் கத்தால்தோ கோயில். வெறும் கல், மூன்று சிவப்புக் குவிமாடங்கள். ஒரு காலத்தில் தபால் நிலையமாகவும் இருந்திருக்கிறது. அஞ்சலட்டையிலெல்லாம் பலெர்மோவின் அடையாளமாக வரும் அந்தச் சிவப்பு, 19ஆம் நூற்றாண்டில் பழுது பார்த்தவர்கள் பூசியதாம்.

அக்டோபர் 16, புதன்

அரண்மனை. சிசிலியின் சட்டமன்றம் இங்கேதான் கூடுகிறது. வாரத்தின் நடுவில் அரச அறைகளைப் பார்க்க விடுவதில்லை. வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தார், என்றாலும் அப்பா வாசலில் ஒருமுறை முணுமுணுத்துக்கொண்டார். பலத்தீனா சிற்றாலயம் திறந்திருந்தது. அதற்கே காலை போதவில்லை.

நுழையும் இடத்தில் ஒரு கல்வெட்டு. 1142இல் ரோஜர் நீரால் ஓடும் கடிகாரம் ஒன்று செய்ய வைத்ததைப் பற்றி லத்தீன், கிரேக்கம், அரபி மூன்றிலும். கடிகாரம் போய்விட்டது, கல் இருக்கிறது. உள்ளே சுவரெல்லாம் தங்கம். வந்தவர்கள் அதைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். வழிகாட்டி எங்களை ஒரு தூணோரமாக நிறுத்தி, அதற்கும் மேலே பார்க்கச் சொன்னார்.

நடுக்கூடத்தின் மரக்கூரை. மெல்லிய பலகைத் துண்டுகளைத் தேன்கூட்டு அறைகளாக அடுக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு அறைக்குள்ளும் ஓவியம். கோயில் கூரையில் சாமியார்கள் இருப்பார்கள் என்று பார்த்தால், யாழ் மீட்டுகிறவர்கள், கோப்பை ஏந்தியவர்கள், ஆட்டக்காரிகள், கால் மடித்து உட்கார்ந்து சதுரங்கம் ஆடும் இரண்டு பேர். எகிப்தின் பாத்திமிய அரசவை பாணியில் தேர்ந்த முஸ்லிம் ஓவியர்கள் தீட்டியவை. கீழே பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) பாணிப் பொடிக்கல், மேலே அரபு மரவேலை, இரண்டுக்கும் நடுவே லத்தீன் பூசை. 1140இல் அர்ப்பணித்த இடம்.

“இது பாரம் தாங்குற கூரை இல்ல. மேல இன்னொரு கூரை இருக்கணும், இது அதுல தொங்குது. மேல ஏறிப் பாக்க விடுவாங்களான்னு அந்த மேடத்தக் கேளு” என்றார் அப்பா. கேட்டேன். விட மாட்டார்களாம். ஆனால் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார் என்று வழிகாட்டிக்கு ஒரே சந்தோஷம். அதற்குப் பிறகு இருவரும் கை ஜாடையிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை.

இதே ரோஜரின் அவையில்தான் அரபுப் புவியியல் அறிஞர் அல் இத்ரீசி உட்கார்ந்து 1154இல் உலகப் புவியியல் நூலை முடித்தார். அவர் வரைபடத்தில் தெற்கு மேலே இருக்கும். சரந்தீப் என்ற பெயரில் இலங்கையும் உண்டு.

அக்டோபர் 17, வியாழன்

கால் வலி. ஆனாலும் நிறைய நடந்தோம்.

பலாரோ சந்தையில் பானெல்லே சாப்பிட்டோம். கொண்டைக்கடலை மாவைக் கிண்டி, ஆறவைத்து, மெல்லிய வில்லையாக வெட்டிப் பொரித்து, ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள், மேலே எலுமிச்சம் பிழிந்து. அப்பா காரம் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டே இரண்டாவதும் வாங்கினார். பக்கத்துத் தட்டில் மண்ணீரல் வைத்த ரொட்டி. தொடவில்லை.

பேராலயத்தின் தெற்கு வாசல் மண்டபத்தில் இடதுகோடித் தூணில் குர்ஆன் வசனம் பொறித்திருக்கிறது. மசூதி இருந்த இடத்தில் 1185இல் கட்ட ஆரம்பித்த கோயில் இது; தூணை அப்படியே எடுத்து நட்டுவிட்டார்கள். உள்ளே சிவந்த பார்ஃபிரிக் கல் பெட்டிகளில் ரோஜரும் அவர் பேரன் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கும்.

இதுவரை ஒரு அழகான கதைதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது: மூன்று மொழி, மூன்று மதம், எல்லோரும் சேர்ந்து வாழ்ந்த ஊர். சுற்றுலாத் துண்டறிக்கைகள் எல்லாம் அதையே சொல்கின்றன. ஃபிரெடரிக்கின் கல்லறை முன்னால் வழிகாட்டி அதைப் பிரித்துப் போட்டார். 1161 கலகத்தில் பலெர்மோவின் முஸ்லிம்களை வெட்டிப் போட்டார்கள். 1189இல் அப்போதைய அரசர் இறந்ததும் மறுபடி தாக்குதல். மிஞ்சியவர்கள் மலைகளுக்கு ஓடினார்கள். அரபு அறிஞர்களுக்குக் கடிதம் எழுதித் தத்துவ சந்தேகம் கேட்ட இதே ஃபிரெடரிக்தான், 1220களிலிருந்து சிசிலியின் முஸ்லிம்களை ஆயிரக்கணக்கில் தென் இத்தாலியில் இருக்கும் லூச்சேராவுக்கு நாடு கடத்தினார். 1300இல் அந்தக் குடியிருப்பையும் அழித்தார்கள். “அரசருக்குக் கைவினைஞர்கள் வேண்டியிருந்தது, எழுத்தர்கள் வேண்டியிருந்தது. வேண்டிய வரைக்கும் வைத்துக்கொண்டார்” என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை, கணக்குச் சொல்வது போல.

அங்கிருந்து பழைய யூதத் தெருக்கள். தெருப்பெயர்ப் பலகைகளில் இத்தாலியம், எபிரேயம், அரபி மூன்றும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1492இல் ஸ்பானிய அரசு போட்ட ஆணைக்குப் பிறகு யூதர்களை மொத்தமாக வெளியேற்றிவிட்டார்கள். ஐந்து நூற்றாண்டு கழித்து, 2017இல்தான், தொழுகைக்கூடம் அமைக்க என்று சிறிய ஆலயக் கட்டடம் ஒன்றை மறைமாவட்டம் யூதர்களுக்குக் கொடுக்க முன்வந்தது. பலகை மாட்டுவது சுலபம்.

மாலையில் ஸ்தேரி மாளிகை. கத்தோலிக்க மதத்திலிருந்து விலகியவர்கள் என்று சந்தேகப்பட்டவர்களைப் பிடித்து விசாரித்த மதவிசாரணை மன்றத்தின் சிறை. கைதிகள் தரைச் செங்கலைச் சுரண்டிய தூளில் வண்ணம் குழைத்துச் சுவரெல்லாம் வரைந்திருக்கிறார்கள்: புனிதர்கள், சிலுவைப்பாடு, சிசிலித் தீவின் வரைபடம், சிசிலிய மொழியில் பாட்டு. மேலே சுண்ணாம்பு பூசி மறைத்திருந்ததை 1906இல்தான் சுரண்டி எடுக்கத் தொடங்கினார்கள். 1782இல் மன்றத்தைக் கலைத்த ஆளுநர் மறு வருடம் ஆவணங்களைக் கொளுத்திவிட்டார். தீர்ப்பெழுதியவர்களின் தாள் எரிந்துபோயிற்று. கைதிகள் கிறுக்கியது நிற்கிறது. அப்பா இங்கே எந்தச் சுவரையும் தட்டவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

அரை நாள்தான். சான் லொரென்சோ ஜெபக்கூடம். 1969 அக்டோபர் 17 இரவுக்கும் 18க்கும் இடையில் இங்கிருந்த கரவாஜ்யோவின் ‘பிறப்பு’ ஓவியத்தைச் சட்டகத்திலிருந்து வெட்டி எடுத்துப் போனார்கள். இன்றோடு ஐம்பத்தைந்து வருடம். கிடைக்கவில்லை. பீடத்தில் இப்போது இருப்பது 2015இல் வைத்த நகல். நகலைப் பார்க்க நுழைவுச்சீட்டா என்று அலுத்துக்கொண்டுதான் போனேன். சுற்றுச் சுவரில் செர்பொத்தா செய்த வெண்சுதைக் குழந்தைகளைப் பார்த்ததும் வாயடைத்துப் போனது. இவர்களைத் திருட முடியாது, சுவரோடு ஒட்டியிருக்கிறார்கள்.

அக்டோபர் 19, சனி

வழிகாட்டியோடு கடைசி நாள். சீசா மாளிகையைப் பட்டியலின் நடுவில் வைத்திருந்தவர், அப்பாவைப் பார்த்த பிறகு கடைசிக்கு மாற்றிவிட்டாராம், அவசரம் இல்லாமல் பார்க்கட்டும் என்று.

1160களில் ரோஜரின் மகன் முதலாம் வில்லியம் கட்டத் தொடங்கி, அவர் மகன் முடித்த கோடைக்கால மாளிகை. வெயிலை வெல்ல இந்தக் கட்டடத்தில் செய்திருக்கும் வேலை இருக்கிறதே! முகப்பு கடல் பக்கமாக வடகிழக்கைப் பார்க்கிறது. எதிரே ஒரு குளம். கடற்காற்று குளத்தின் மேல் தவழ்ந்து, மூன்று பெரிய வளைவுகள் வழியாக நடு மண்டபத்துக்குள் வரும். மண்டபத்தில் சுவரிலிருந்து நீர் சரிந்து, தரையில் வெட்டிய வாய்க்கால் வழியாகக் குளத்துக்குப் போகும். குளிர்ந்த காற்று உள்ளே, சூடான காற்று சுவருக்குள் இருக்கும் குழாய்கள் வழியாக மேலே. கட்டியவர்கள் அரபுக் கைவினைஞர்கள், இருந்தவர்கள் வடக்கத்தி நார்மன்கள். அப்பா வாய்க்காலின் சரிவை உள்ளங்கையால் அளந்து பார்த்துவிட்டு, “நம்ம ஆளுங்க ஏசி போட்டுட்டு ஜன்னல மூடிடுறாங்க” என்றார். இதன் ஒரு பகுதி 1971இல் இடிந்து விழுந்ததாம். மழைநீர் வடிகாலை யாராவது கவனித்தார்களா என்று கேட்கச் சொன்னார். வழிகாட்டி தோளைக் குலுக்கிச் சிரித்தார்.

மாடியில் ஒரு பளிங்குப் பலகை. கிரிசாந்து என்ற பாதிரியார் தன் தாய் அன்னாவுக்கு 1149இல் வைத்த நினைவுக்கல். நடுவில் வட்டத்துக்குள் சிலுவை. இடப்பக்கம் லத்தீன், வலப்பக்கம் கிரேக்கம், கீழே அரபி, மேலே எபிரேய எழுத்தில் எழுதிய அரபி. அந்தந்த மொழிக்காரர் கணக்கில் அந்தந்த ஆண்டு. படிக்கிறவர் யாராக இருந்தாலும் அம்மா என்றைக்குப் போனார் என்று தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கிறார் மனிதர். அரண்மனைத் தங்கத்தைவிட எனக்கு இது பெரிதாகப் பட்டது. 1161 வந்தது என்று தெரிந்த பிறகும்.

பணம் கொடுத்து விடைபெற்றோம். மலிவில்லை. கும்பலில் போனால் தலைக்கு ஐந்தில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது. ஆனால் அந்தக் காசில் ஃபிரெடரிக்கின் கதை முழுசாகக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

“நாளை ஞாயிறு. மலைக்குப் போங்கள், உங்கள் மொழி பேசுகிறவர்களைப் பார்ப்பீர்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்டோபர் 20, ஞாயிறு

போனோம். மோந்தே பெல்லெக்ரினோ, ஊரின் தலைமாட்டில் இருக்கும் மலை. 1624இல் கொள்ளைநோய் ஊரைத் தின்றபோது மேலே ஒரு குகையில் கிடைத்த எலும்புகள் புனித ரொசாலியாவுடையவை என்று நம்பி, ஊர்வலமாகக் கொண்டுபோக, நோய் நின்றது என்பது ஐதீகம். ஜூலையில் திருவிழா. இந்த வருடம் நானூறாவது. எங்களுக்கு மூன்று மாதம் பிந்திவிட்டது.

குகைக்குள்ளேயே கோயில். பாறைக் கூரையிலிருந்து ஓயாமல் நீர் சொட்டுகிறது. சனங்கள் தலையில் விழாமலிருக்க, கூரை முழுக்கக் கோணல்மாணலாக உலோகத் தகடுகளை வாய்க்காலாக வளைத்துத் தொங்கவிட்டு, நீரைப் பக்கவாட்டில் இறக்கியிருக்கிறார்கள். புனித நீர், வீணாக்க முடியாது. அப்பா சிலையைப் பார்க்க மறந்து அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் குரல்.

“ஐயா இந்தியாவோ?”

யாழ்ப்பாணத்துக்காரர், எழுபது வயதிருக்கும், மனைவியோடு வந்திருந்தார். எண்பதுகளின் கடைசியில் பலெர்மோ வந்தவராம். பாதிப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. இவர்கள் சைவக்காரர்கள். “என்ன சாமி எண்டு இவ எங்களைக் கேட்டவவோ? பிள்ளையளுக்கு வருத்தம் எண்டாலும், விசா எண்டாலும், இஞ்சதான் வாறம்” என்றார் அந்த அம்மா. அவர்கள் மகன் பலாரோவில் கடை வைத்திருக்கிறார், சிசிலியப் பேச்சில் சண்டையும் போடுவார் என்று பெருமையாகச் சொன்னார்கள்.

ஊரை யார் காட்டினது என்று கேட்டார். சொன்னேன். எவ்வளவு என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

“அவ்வளவு காசோ? என்னைக் கேட்டிருந்தால் சும்மா காட்டியிருப்பனே, பிள்ளை!”

அப்பா பொறியாளர் என்று தெரிந்ததும், கடையின் பின்சுவரில் பெரிய பெரிய கற்களாக ஒரு பழைய மதில் துண்டு மாட்டிக்கொண்டு நிற்கிறது, யார் கட்டினதென்று ஒருத்தருக்கும் தெரியாது, வந்து பார்க்க முடியுமா என்றார். நாளை மாலை எங்களுக்கு விமானம். காலை எட்டு மணிக்கே வருகிறோம் என்று என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டார் அப்பா.