வட்டி பாக்கிப் பட்டியல்

எங்கள் வங்கிக் கிளையில் மாதக் கடைசி வந்துவிட்டால் ஆளுக்கொரு தாள் கைக்கு வரும். நகையை அடகு வைத்துவிட்டு வட்டி கட்டாமல் இருப்பவர்களின் பெயர், கடன் எண், போன் நம்பர். ஒரு தாளில் இருபது பேராவது இருப்பார்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "வட்டியை மட்டுமாவது கட்டிப் புதுப்பிச்சிருங்க, ஏல நோட்டீஸ் வரைக்கும் விட்டுராதீங்க" என்று தன்மையாகச் சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான். 2022-இல் அந்த வங்கியில் சேர்ந்தபோது எனக்கு 23 வயது. முதல் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டவன், கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன்.

சின்ன வயதிலிருந்தே என்னைக் கூச்ச சுபாவம் என்பார்கள். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறக் கூப்பிட்டால் மச்சுக்கு ஓடிவிடுவேன். கூச்சம் வேறு, இது வேறு என்பது பின்னால்தான் தெரிந்தது. கூச்சம் பழகப் பழகப் போய்விடும். எனக்கு எத்தனை தடவை பழகினாலும் அடுத்த தடவை முதல் தடவைதான். நாளைக்கு ஒருவரிடம் பேச வேண்டும் என்றால் இன்று ராத்திரியே தூக்கம் போகும். பேசி முடித்த பிறகும் விடாது. மூன்று நாள் அந்தப் பேச்சை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, ஏன் இப்படிச் சொன்னோம் என்று கிடந்து புழுங்குவேன்.

கவுண்டரில் உட்கார்ந்தால் ஓரளவு சமாளிப்பேன். சீட்டு, முத்திரை, கையெழுத்து என்று கைக்கு வேலை இருக்கும். போனில் அது கிடையாது. எதிரில் இருப்பவர் இரண்டு நொடி பேசாமல் இருந்தால் போதும், நான் எதையோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று முடிவு கட்டிவிடுவேன். அந்த இரண்டு நொடி அமைதியைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

எனக்கு வீடு வீரவநல்லூர். காலையில் செங்கோட்டையிலிருந்து வரும் பாசஞ்சரில் ஏறி, சேரன்மகாதேவி, பேட்டை தாண்டித் திருநெல்வேலி டவுன் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் கிளை வந்துவிடும். அந்த வருஷம் அக்டோபரில், பிசானத்துக்கு நாற்றுப் பாவும் நேரத்தில்தான் அது முதல் முறையாக வந்தது. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். இரண்டுக்கும் முன்னால் எங்கள் கவுண்டரில் கூட்டம் நெரியும். உழவுக்கும் உரத்துக்கும் பணம் வேண்டும். பெண்கள் முந்தானையில் முடிந்திருந்த வளையலை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே நிற்பார்கள்.

அன்று ஒரு பெரியவர் தன் நகைக்குத் தொகை குறைவு என்றார். நகை மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி விதி, அதைச் சொல்ல ஆரம்பித்தேன். "கேக்கலயே தம்பி, சத்தமாச் சொல்லுங்க" என்றார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல ஒன்று தொடங்கியது. விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்ந்தது. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் பாதிக்கு மேல் போகவில்லை. கையிலிருந்த பேனா என் கை பிடித்திருக்கும் பேனா மாதிரியே இல்லை. சாகப் போகிறேன் என்று நினைத்தேன். பயத்தை விளக்க வந்த வார்த்தை இல்லை இது, அந்த நிமிஷம் அப்படித்தான் நம்பினேன்.

ஆட்டோவில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஈசிஜி எடுத்தார்கள். அதற்குள் எல்லாம் அடங்கியிருந்தது. "ஒண்ணுமில்ல, கேஸ்தான்" என்று ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் அம்மா, "எய்யா, கண்ணு பட்டுருக்கும்" என்று மிளகாயும் உப்பும் தெருமண்ணும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியத்தை அவள் செய்தாள். அவள் கை தலையைச் சுற்றி வந்தபோது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் 'ஒண்ணுமில்ல' என்ற சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஒன்றுமில்லாததற்கு இந்தப் பாடுபடுகிறேன் என்றால் கோளாறு நான்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நான் செய்ததுதான் பெரிய தவறு. அன்று எனக்கு அது தவறாகத் தெரியவில்லை, தப்பிக்கும் வழியாகத் தெரிந்தது. மறுநாள் லீவு போட்டேன். லீவு சொன்ன அந்த நிமிஷம் உடம்பெல்லாம் இளகியது. அந்தச் சுகம்தான் பொறி. அடுத்த வாரம் இரண்டு லீவு. அப்புறம் ரயிலிலும் அப்படி வந்துவிட்டால் என்ன செய்வது என்று ரயிலை விட்டேன். பஸ்ஸில் கதவோரச் சீட்டு கிடைத்தால்தான் ஏறுவேன். அப்புறம் பஸ்ஸும் போனது. தெருமுனைக் கடைக்குப் போவதும் நின்றது. ஒவ்வொன்றையும் விடும்போது பயம் அதோடு போய்விடும் என்று நினைத்தேன். நான் விட்ட இடத்துக்கெல்லாம் அது வந்து உட்கார்ந்துகொண்டது.

டிசம்பரில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியாமல் போனது. பக்கத்து வீட்டில் தறி ஓடும். காலை ஏழு மணிக்குத் தொடங்கும் சத்தம். அது தொடங்குவதும், மத்தியானம் சாப்பாட்டுக்கு நிற்பதும், பிறகு தொடங்குவதும், பொழுதுசாய அடங்குவதும்தான் எனக்கு நாள். நாலு நாள் குளிக்காமல் கிடந்திருக்கிறேன். சோம்பேறித்தனம் என்று அப்பா சொன்னார். சோம்பேறிக்கு ஓய்வு ருசிக்கும். எனக்குப் படுத்திருப்பதும் பாரமாக இருந்தது. சில ராத்திரிகளில், நாளைக்கு விடியாமலே போய்விட்டால் தேவலை என்றுகூடத் தோன்றியது. அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் கிளையின் நகை மதிப்பீட்டாளரை எல்லோரும் அப்ரைசர் அண்ணாச்சி என்போம். பரம்பரையாகத் தங்க வேலை செய்த குடும்பம். நான் போனை எடுக்கவில்லை என்றதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் ஒரு கட்டுப் பனங்கிழங்கோடு. அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கிழங்கை உரித்துக்கொண்டே, "எம் மச்சினனுக்கும் இப்படித்தான் தம்பி இருந்துச்சு. நாங்க ரெண்டு வருசம் கோயில் கோயிலா அலைஞ்சோம். பொறவுதான் ஹைகிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க இதுக்குன்னே டாக்டர் இருக்காவ. நாளைக்கு நான் லீவு. வாரீயளா?" என்று கேட்டார்.

திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத்தான் நாங்கள் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்போம். ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டை பஸ்ஸில் போகும்போது ஆற்றுப்பாலத்துக்கு முன்னால் இறங்கிவிடலாம் என்று எழுந்துவிட்டேன். அண்ணாச்சி கையைப் பிடித்து உட்கார வைத்து, இந்தப் பாலத்தை 1843-இல் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டினார் என்பதிலிருந்து ஆரம்பித்தார். பாலம் முடியும் வரை அவர் பேச்சும் முடியவில்லை.

ஓ.பி. சீட்டு வாங்கி மனநலப் பிரிவில் காத்திருந்தோம். அந்த டாக்டரம்மா முதலில் தைராய்டு, ரத்தம் எல்லாம் எழுதிக்கொடுத்தார். தைராய்டு கூடினாலும் படபடப்பு வருமாம். அதெல்லாம் சரியாக இருந்த பிறகு, நடந்ததை முழுக்கச் சொல்லச் சொன்னார். "இதுக்குப் பேர் இருக்கு தம்பி, மருந்தும் இருக்கு" என்றார். அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

அவர் விளக்கியதில் என் மனசில் நின்றது இது. ஆபத்து வந்தால் ஓடுவதற்கு உடம்பு தயாராகும், இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வேகமாகும். ஆபத்து இல்லாதபோது அந்த மணி தப்பாக அடித்துவிட்டால் அதுதான் பேனிக் அட்டாக். வேக வேகமாக மூச்சு இழுக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான். காற்று போதவில்லை என்று தோன்றும்போது இன்னும் இழுக்கக்கூடாது, மெதுவாக வெளியே விட வேண்டும். பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானே இறங்கிவிடும். "எந்திரிச்சு ஓடாம அந்தப் பத்து நிமிசத்தை உக்காந்து பாத்துருக்கீங்களா?" என்று கேட்டார். ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

மாத்திரை கொடுத்தார். வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆகும், முதல் சில நாள் படபடப்பு கூடினாலும் கூடும், பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னார். அப்படியேதான் நடந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் மூன்றாம் நாளே தூர எறிந்திருப்பேன். காப்பியைக் குறைக்கச் சொன்னார். ராத்திரியில் மனசு தாங்காவிட்டால் கூப்பிட 14416 என்ற எண்ணை எழுதிக்கொடுத்தார். மத்திய அரசின் டெலி மனஸ் சேவை, 2022 அக்டோபரில்தான் தொடங்கியிருந்தது. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. போன் என்றாலே நடுங்குகிறவன் நான். ஆனாலும் ஒரு ராத்திரி கூப்பிட்டேன். விடியாமல் போனால் தேவலை என்ற அந்த நினைப்பை முதலில் சொன்னது அந்த முகம் தெரியாத குரலிடம்தான்.

வேலைக்குத் திரும்பியபோது கிளையில் எல்லோரும் நன்றாக நடந்துகொண்டார்கள் என்று சொல்ல முடியாது. "இந்த வயசுல என்ன ஸ்ட்ரெஸ்?" என்று ஒரு அதிகாரி எல்லோர் முன்னாலும் கேட்டார். அது வலித்தது, இன்றும் வலிக்கிறது. மேனேஜரிடம் நானே போய் உள்ளதைச் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, ஆனால் என் நாற்காலியை அண்ணாச்சி பக்கத்தில் போடச் சொன்னார். அதுவே பெரிய உதவியாக இருந்தது. எனக்கு இருந்த இன்னொரு பயம் மெடிக்ளைம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. வங்கியில் வேலை பார்த்தும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் உரைகல்லை முதல் முறையாக உற்றுப் பார்த்தேன். உள்ளங்கை அகலக் கருங்கல், எண்ணெய் பூசினதுபோல மினுங்கும். நகையின் உள்பக்கம், வெளியே தெரியாத இடமாகப் பார்த்து ஒரு இழுப்பு இழுப்பார். கல்லில் மஞ்சளாக ஒரு கோடு விழும். கண்ணாடிக் குச்சியால் அமிலத்தை ஒரு சொட்டு தொட்டு வைப்பார். தரம் குறைந்த பொன்னாக இருந்தால் கோடு கலங்கி மங்கும், 916 அப்படியே நிற்கும். பிறகு தராசில் வைத்து எடையைச் சொல்வார். அதைத் திருப்பிச் சொல்லி எழுதுவது என் வேலை. "மொத்தம் பதினாறு நூத்தி இருபது." "பதினாறு நூத்தி இருபது." "கல்லு போக பதினஞ்சு தொள்ளாயிரம்." "பதினஞ்சு தொள்ளாயிரம்." வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, "கேக்கல தம்பி" என்பார். நான் சத்தத்தைக் கூட்டுவேன். எதிரில் நகைக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை. தொண்டை திறந்தது அப்படித்தான்.

நடுவில் இரண்டு முறை அட்டாக் வந்தது. நாற்காலியை விட்டு எழவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மூச்சை நீளமாக விட்டேன். முதல் தடவை பன்னிரண்டு நிமிஷம். இரண்டாவது எட்டு.

ஆஸ்பத்திரியில் மாதம் இருமுறை பேச்சு வழிச் சிகிச்சைக்கும் போனேன். அங்கிருந்த உளவியலாளர் ஒரு வித்தியாசமான கேள்வி கேட்டார்: பயத்துக்குக் காவலாக என்னென்ன வைத்திருக்கிறீர்கள்? யோசித்தால் எவ்வளவோ இருந்தது. பையில் எப்போதும் தண்ணீர் பாட்டில், சட்டைப்பையில் மாத்திரை அட்டை, கதவோரச் சீட்டு, கை நடுங்குவது தெரியாமல் இருக்கக் கவுண்டருக்கு அடியில் வைத்து எழுதுவது. போனில் பேச வேண்டியதை வார்த்தை மாறாமல் தாளில் எழுதி வைத்துக்கொள்வது. இவையெல்லாம் இருக்கும் வரை, இவற்றால்தான் பிழைத்தோம் என்றே மனசு நம்பும் என்றார். ஒவ்வொன்றாக விடச் சொன்னார். மாத்திரை அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போன முதல் நாள், பேட்டை வருவதற்குள் பத்து தடவை சட்டைப்பையைத் தடவியிருப்பேன். எழுதி வைத்த தாளை விடுவதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிக நாள் ஆனது. ஏழு மாதம்.

2023 ஜூலையில், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினேன். நாலாம் நாள் தலைசுற்றலும் எரிச்சலுமாகப் படுத்துவிட்டேன். டாக்டரம்மா திட்டவில்லை. நிறுத்தும் காலம் வரும்போது படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று சொல்லி மறுபடி தொடங்கினார். இப்போது பாதி அளவு.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. ஆறு கரை உடைத்து ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு மூழ்கியது. கிளை திறந்ததும் மேனேஜர் பட்டியலைக் கொடுத்து, "வட்டியைப் பத்திப் பேச வேண்டாம். ஆளுக எப்படி இருக்காங்கன்னு மட்டும் கேளுங்க" என்றார். அன்று 41 பேரைக் கூப்பிட்டேன். பாதி நம்பர் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள், வீட்டுக்குள் வந்த தண்ணீரையும், போன ஆட்டையும், நனைந்த நெல்லையும் சொல்லிக்கொண்டே போனார்கள். சிலர் பேச்சின் நடுவில் நின்றுவிட்டார்கள். என்னை நினைத்து அவர்கள் நிற்கவில்லை என்பது அன்று கண்கூடாகத் தெரிந்தது. அந்த அமைதியில் நானும் அவர்களோடு இருந்தேன்.

போன வாரத் தாளில் 22 பெயர். முதல் நம்பரைப் போடும்போது உள்ளங்கை வேர்த்தது, இன்றும் வேர்க்கிறது. துடைத்துக்கொண்டேன்.

"வணக்கம் ஆச்சி, பேங்க்ல இருந்து பேசுதேன்."

"ஆரு? பேங்கா? இருய்யா, அடுப்புல பாலு கெடக்கு. எறக்கி வச்சுட்டு வாரேன்."

போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு கோழி கேறியது. பாத்திரம் உரசியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் காதிலிருந்து எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தேன்.